இடது காலுக்கு ஆறு, வலது காலுக்குப் பன்னிரண்டு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. என் அக்காள் புருஷன் ஏகாம்பரம் மாமா, நான் செய்து கொடுத்த பேட்டரி சைக்கிளில் முதன்முறையாகத் தனியே ஏறித் தெருமுனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓடியது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓடிய விதம்தான் சரியில்லை. பத்தடி தவ்வும், பத்தடி தளரும். மறுபடியும் தவ்வும், மறுபடியும் தளரும். மாமாவின் தலை, கோழி நடக்கும்போது போகிற மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தது. இந்த அழகில் அவர் விடாமல் பெல் வேறு அடித்துக்கொண்டு போனார்.

எதிர் வீட்டுச் சொக்கலிங்கம் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"ன்னாபா தொரை, உங்க மாமா வண்டிக்கு விக்கல் வந்துகிச்சா? ஒரு சொம்பு தண்ணி குடுபா."

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அந்த வண்டியில்தான் மாமா திருப்புட்குழிக்குப் போய், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட என் அலமேலு அக்காளை அழைத்து வரவேண்டும். அக்கா வந்தால்தான் தறி ஓடும். தறியில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றுகொண்டிருந்தது.

பல் கூசும் கடை

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கடையைத் தெரியும். இன்றுதான் வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. லாரி பேட்டரி, கார் பேட்டரி, கல்யாண வீட்டு மைக் செட் பேட்டரி எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றித் தருவேன். உள்ளே வந்தால் ஆசிட் நெடியில் பல் கூசும்.

ஆசிட்டுக்கு ஒரு குணம் உண்டு. துணியில் தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் அந்த இடம் பொத்தலாகும். என் சட்டைகள் எல்லாமே சல்லடைதான். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில், "மாப்பிள்ளை ரொம்ப பீடி குடிப்பார் போல" என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். நான் பீடியைத் தொட்டதே கிடையாது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

மாமா நெசவுக்காரர். கோர்வைப் புடவை நெய்வதில் கெட்டிக்காரர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற புடவைக்குக் கோர்வை என்று பெயர். அதற்கு ஒருவர் போதாது. நெய்கிறவர் உடலுக்கு ஊடை நூல் கோத்த நாடாவை எறிய, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவள் என் அக்கா. இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் அவர் தறியின் மிதிகட்டையில் காலை மாற்றினால் இவள் கை தானாக நாடாவைத் தள்ளும்.

முழங்கால்

மாமாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்று அக்காளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் திருப்புட்குழிக்கு மிதிப்பார். எங்கள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப்போட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் காலை முழுக்க மடக்க முடியவில்லை. அழுத்த முடியும், அதனால் தறியில் உட்கார்ந்தார். சைக்கிள் பெடலைச் சுற்றத்தான் முடியவில்லை.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். ஒரு தடவை போனார். படியில் ஏற நேரமாகிவிட, கண்டக்டர், "யோவ் நொண்டி, சீக்கிரம் ஏறுய்யா" என்று விசில் ஊதினான். மாமா ஏறிய காலை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். மறுநாள் என் கடைக்கு வந்தார்.

"தொரை, உன் பேட்டரி லாரியையே கெளப்பி வுடுது. என்னை இஸ்துக்கினு போவாதா?"

எனக்கு அப்போது வயது இருபத்தைந்தோ ஆறோ. அந்த வயதில் முடியாது என்ற சொல் வாயில் வராது.

ஆறா, பன்னிரண்டா, இருபத்துநாலா

உடைத்துப் போட்ட ஒரு காரின் டைனமோ கிடைத்தது. டைனமோவைச் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். கரண்ட் கொடுத்தால் அதுவே சுற்றும். அந்தத் தத்துவத்தை நம்பித்தான் இறங்கினேன். அதன் தண்டில் ஒரு சின்னப் புல்லி, பின் சக்கரத்தில் ஒரு பெரிய புல்லி, நடுவே ஒரு பெல்ட்.

சைக்கிள்தான் தகராறு. குறுக்குக் கம்பி உள்ள சைக்கிளில் மாமாவால் காலைத் தூக்கிப் போட முடியாது. கடைசியில் மாற்றலாகிப் போன ஒரு நர்ஸம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிள் கிடைத்தது. பச்சை நிறம், பின் சக்கரத்துக்குப் புடவை மாட்டாமல் இருக்க வலை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். "வலைய மட்டும் கழட்டிட்றா" என்றார் மாமா. கழற்றினேன்.

முதலில் ஆறு வோல்ட் கட்டினேன். ஆறு வோல்ட் பரம சாது. நின்ற இடத்தில் ஏறி உட்கார்ந்தால் முனகும், நகராது. யாராவது தள்ளிவிட்டால் போகும். பாலத்து ஏற்றம் வந்தால் நின்றுவிடும். மாமா இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, "இது என்னை இஸ்துக்கினு போவ வாங்கனதா, நான் இத இஸ்துக்கினு போவ வாங்கனதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அடுத்தது பன்னிரண்டு. லாரி பேட்டரி ஒன்று, கைப்பிடியில் ஒரு மெயின் சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் முழு வேகம், எடுத்தால் ஒன்றுமில்லை, நடுவில் எதுவும் கிடையாது. போட்டேன். வண்டி போய்விட்டது. நான் போகவில்லை. தெருவில் உட்கார்ந்த வாக்கில் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தைக் குறைக்க, எலெக்ட்ரிக் அடுப்புச் சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டி நடுவில் சேர்த்தேன். வேகம் குறைந்தது, உண்மை. சுருள் செக்கச்செவேலென்று பழுத்து என் வேட்டியில் பட்டது. மிச்ச வழியை எப்படிக் கடந்தேன் என்பது குடும்பப் பத்திரிகையில் எழுதத் தக்கதல்ல.

அறிவுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான் இருபத்துநாலு போட்டுப் பார்த்தேன். இரண்டு லாரி பேட்டரி, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து. டைனமோ அம்மிக்குழவி உருளுவது போல உறுமியது. அன்று தெருவில் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் ஒரு புடவைக்கான நூல் முழுவதையும் தெரு நீளத்துக்குக் கட்டி இழுத்து நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். மனிதன்மேல் மோதினால் அங்கே மன்னிப்பு உண்டு. பாவை அறுத்தால் கிடையாது. ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் வெயிலில் மின்னிக்கொண்டு என்னை நோக்கி வந்தன. சொக்கலிங்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாவுக்கு முன்னால் நின்று, "டேய், என் மேல வுடுடா! பாவு மேல வுடாத!" என்று அலறினார்.

நான் இரண்டின் மேலும் விடாமல் ஆட்டுக்கொட்டகைக்குள் விட்டேன். டைனமோ புகைந்தது. ஆடுகள் வெகுநாள் என்னைக் கண்டால் எழுந்து நின்றன.

மாம்பழக் கலர் புடவை

அந்த லாரி பேட்டரிகளில் ஒன்று மாமா வீட்டில் தறிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒருநாள் வீடு பெருக்கும்போது அக்கா அதைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஒரு கை ஆசிட் சிந்தியது. தரையைத் துடைத்தாள், கையைக் கழுவினாள், வேலை முடிந்ததென்று நினைத்தாள்.

அன்று அவள் கட்டியிருந்தது தீபாவளிக்கு எடுத்த மாம்பழக் கலர் நூல் புடவை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற அக்காளிடம் நல்ல புடவை என்று இருந்தது அது ஒன்றுதான். துவைத்து மடித்து வைத்து, அடுத்த வாரம் ஒரு வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போனாள். வளையல் போடக் குனிந்தாள். இடுப்புக்குக் கீழே புடவை சர்ரென்று பிரிந்தது. நாற்பது பெண்கள் பார்த்தார்கள். யாரோ ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மாமா என்ன கேட்டிருக்க வேண்டும்? பதறிப்போய்த் தறிக்கு ஓடினார். பாதி நெய்த புடவையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேள, தறியில ஒரு சொட்டு கூட படல. உன் பொடவைதானே போச்சு" என்றார்.

அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஏறினாள்.

நான்தான் சமாதானம் பேசப் போனேன். கிணற்றடியில் நின்றுகொண்டு அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு வரட்டும். பஸ்ல வரக்கூடாது, உன் சைக்கிள் பின்னாலயும் குந்திக்கினு வரக்கூடாது. எந்த வண்டியால என் பொடவ போச்சோ அந்த வண்டிய ஓட்டிக்கினு வரட்டும். வண்டி இந்த வாசலுக்கு வந்து நின்னா நான் கெளம்பறேன். இல்லாட்டி அந்த பேட்டரியையே பக்கத்துல குந்த வச்சி நாடா தள்ளச் சொல்லு."

மாமாவின் கண்டுபிடிப்பு

தறியில் நின்ற புடவைக்குரிய கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுக்கடைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மாமா தனியாக உட்கார்ந்து உடல் நாடாவை எறிந்துவிட்டு, எட்டிப்போய்க் கரை நாடாவைத் தள்ளிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து என்று ஒரு நாள் முழுக்க நெய்தார். நான்கு விரற்கடை வந்தது. அதுவும் கரை கோணலாக வந்தது. பிரித்துப் போட்டார்.

"பன்னண்டு ஓல்ட்டுல பொறப்பட்டா தள்ளிடுது. ஆறுல பொறப்பட்டா பையப் போவுது. ஆறுல பொறப்பட்டு பன்னண்டுக்கு மாறினா?" என்றார் ஒருநாள்.

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. டைனமோவை உள்சுற்று மாற்றிக் கட்டினேன். ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தேன். ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் ஆறு, இரண்டையும் சேர்த்து எடுத்தால் பன்னிரண்டு. அதற்குச் சுவிட்ச் எங்கே வைப்பது? மாமா தயாராக ஒன்றைக் கொண்டுவந்தார். தறியின் மிதிகட்டை மாதிரியே இரண்டு சின்னக் கட்டைகள், பெடலுக்கு முன்னால் ஒரு பலகையில். இடது காலை அழுத்தினால் ஆறு. வலது காலை அழுத்தினால் பன்னிரண்டு.

"மாமா, ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா ஒரு பேட்டரி ஷார்ட் ஆயிடும். பொறி பறக்கும்."

"தறிக்காரன் எவனாவது ரெண்டு கட்டையையும் ஒண்ணா மிதிப்பானாடா? நாடா போவ பாவு எப்டி வாய் தொறக்கும்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அது சரிதான். நான் ஓட்டிப் பார்த்தேன், வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மாமா ஓட்டினார். விக்கல். அன்று முழுக்க வயரைக் கழற்றி மாட்டினேன், டைனமோ பிரஷ்ஷைத் தேய்த்தேன், பெல்ட்டை இறுக்கினேன். நான் ஏறினால் ஒழுங்காகப் போகும், அவர் ஏறினால் விக்கும். வண்டிக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

திருப்புட்குழி

விக்கலோடே கிளம்பினோம். மாமா முன்னால், நான் என் சைக்கிளில் பின்னால். வழியெல்லாம் பெல், வழியெல்லாம் தவ்வல். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் வண்டி நிற்கவில்லை. திருப்புட்குழி கோபுரம் தெரிந்தபோது மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முழங்கால் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். "யாரு ஆட்டுக்குட்டி மேல ஏறிக்கினு வர்றது?" என்றாள்.

மாமா இறங்கினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மிதிகட்டைகளைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தோ, அந்த மரம் வரிக்கும் போய்ட்டு வாங்க" என்றாள்.

மாமா போய்விட்டு வந்தார். பெல், தவ்வல், பெல், தளர்ச்சி. அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதுல ன்னாடா ரிப்பேரு? பெல்லு அடிக்கிறது வலது கை. நாடா எறியிற கை அது. அந்த கை அசைஞ்சா அவுரு காலு மாறும். இருவது வருசமா மாறிக்கினு இருக்குது, ரோட்டுக்கு வந்தா நிக்குமா?"

ஹைட்ரோமீட்டர், வோல்ட்மீட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்காததை அவள் ஒரு மரத்துத் தூரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்பேனர் கேட்டாள். பெல்லைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"பெல்லு நான் அடிக்கிறேன். நீங்க கைய அசைக்காத ஓட்டுங்க. வண்டி வாசலுக்கு வந்துட்ச்சி, சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று பையோடு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். முகம் மட்டும் இறுகியே இருந்தது.

வண்டி தண்ணீர் போல ஓடியது. மாமா இடதில் கிளப்பி வலதுக்கு மாற்றி அப்படியே வைத்திருந்தார். பின்னாலிருந்து அக்கா பெல்லை அடித்தாள். தறியில் போலவே இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பாதி வழியில் வேகம் குறைந்தது. பிறகு முனகியது. ஒரு புளியமரத்தடியில் நின்றேவிட்டது. நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு பேட்டரியில் உயிர் இருந்தது. மற்றது செத்துவிட்டது. ஆறுக்கும் அதுதான் வேலை செய்தது, பன்னிரண்டுக்கும் அதுதான். இதை நான் யோசிக்கவேயில்லை. அக்காளிடம் விளக்கினேன்.

"ரெண்டு வேலையையும் ஒருத்தர் தலையில கட்டினா சாவாத ன்னா செய்யும்?" என்றாள்.

மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அலமேலு, அன்னிக்கி நீ வந்து நின்னப்போ நான் மொதல்ல உன்னதான் பாத்திருக்கணும். தறிய பாத்துட்டேன். தப்பு."

லாரி ஒன்று போனது. அக்கா புழுதி அடங்கும்வரை காத்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"தொரை, அந்த ரெண்டு பேட்டரியையும் கழட்டி உன் வண்டில வச்சிக்க. பெல்ட்ட அவுத்து வுடு. அந்த பலகையயும் எடு."

நான் எடுத்தேன். எனக்குத் தெரியும், அவள் என்ன செய்யப் போகிறாளென்று. வயசுக்கு வருவதற்கு முன்னால், ஆளில்லாத ஏரிக்கரையில் வாடகை சைக்கிளை நான் பிடித்துக்கொள்ள அவள் ஓட்டப் பழகினாள். அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்கு அன்றுவரை தெரியாது. நர்ஸம்மாவின் லேடீஸ் சைக்கிள் அதற்கென்றே காத்திருந்த மாதிரி நின்றது.

அக்கா சீட்டில் ஏறினாள். "குந்துங்க பின்னால."

மாமா என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன். பஸ் கண்டக்டர் சொன்ன ஒரு சொல்லுக்குப் படியிலிருந்து இறங்கிய மனிதர் அவர். மெல்லக் காலை நீட்டிக் கேரியரில் உட்கார்ந்தார்.

"இந்தாங்க, பெல்லு" என்று கையில் கொடுத்துவிட்டு மிதித்தாள்.

புடவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தறியிலிருந்து இறங்கியது, கரை நேராக. அந்தக் கூலியில் அக்காளுக்கு மாம்பழக் கலரிலேயே இன்னொரு நூல் புடவை வந்தது. ஆனால் எனக்கு நினைவிருப்பது நாங்கள் தெருவுக்குள் நுழைந்த அந்தச் சாயங்காலம்தான். எல்லார் வீட்டு வாசலிலும் ஆள். சொக்கலிங்கம் வழக்கம்போல முன்னால் வந்தார்.

"ன்னாபா ஏகாம்பரம், இது எத்தினி ஓல்ட்டுபா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, வழி விடச்சொல்லிப் பெல்லை அடித்தார். அடித்துக்கொண்டே வீடுவரை வந்தார். இரண்டு பேட்டரியைச் சுமந்துகொண்டு பின்னால் மூச்சிரைக்க வந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது: ஒவ்வொரு பெல்லுக்கும் அவருடைய கால்கள் அந்தரத்தில் இடது, வலது, இடது, வலது என்று மிதித்துக்கொண்டே வந்தன.